ஆய்வுப் பணியிடங்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட மஹல்லாக்களின் பெற்றோர்களும் பட்டதாரி மாணவ மாணவியரும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை)



 மஃரிபுக்கு முன் கூட்டத்தை முடிக்க வேண்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். ஆகவே முகவுரை இல்லாமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம் அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குழுவில், துபாயில் ஓட்டுநர் வேலை, குவைத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை என்று ஒரு செய்தி போட்டால், போட்ட கையோடு தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். சம்பளம் எவ்வளவு, விசா யார் செலவு, தங்குமிடம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அதே குழுவில், 'ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ தேவை. தகுதி: எம்.எஸ்ஸி. பயோமெடிக்கல் சயின்ஸ் அல்லது நானோ சயின்ஸ். மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும்' என்று ஒரு விளம்பரத்தைப் போட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்தத் தகுதியுள்ள பிள்ளைகள் நம்மிடம் இல்லையா? இருக்கிறார்கள். பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, வேதியியல், இயற்பியல் என்று எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஆண் பிள்ளை மொபைல் கடையில் நிற்கிறான். பெண் பிள்ளை தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுக்கிறாள், அல்லது வீட்டில் இருக்கிறாள்.

ஏன் கேட்பதில்லை என்று சில பெற்றோரிடம் விசாரித்தோம். "அது படிப்புதானே பாய், வேலை இல்லையே. இன்னும் எத்தனை வருஷத்துக்குப் படிக்க வைக்கிறது?" என்றார் ஒரு அத்தா. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தகவல் பிசகு. இது நாம் காசு கட்டிப் படிக்கும் படிப்பு இல்லை. பிள்ளைக்கு மாதாமாதம் காசு கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொல்கிறார்கள். கூடவே பி.எச்டி. பட்டத்துக்கும் பதிந்துகொள்ளலாம். வேலையும் அதுதான், படிப்பும் அதுதான்.

இந்த இடங்கள் எப்படி உண்டாகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் விளம்பரத்தை எங்கே, எப்போது தேடுவது என்று விளங்கும். ஒரு பேராசிரியர் ஒரு ஆய்வுத் திட்டத்தை எழுதி, டெல்லியில் உள்ள அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கோ, உயிரித் தொழில்நுட்பத் துறைக்கோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கோ அனுப்புகிறார். அது தேறினால், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு, பணம் வருகிறது. கருவிக்கு இவ்வளவு, ரசாயனப் பொருளுக்கு இவ்வளவு, உடன் வேலை செய்ய ஓர் ஆளுக்கோ இரண்டு ஆளுக்கோ இவ்வளவு என்று பிரித்தே கொடுக்கிறார்கள். அந்த ஆளைத் தேடித்தான் விளம்பரம். நாளிதழில் முழுப்பக்கம் வராது. அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஒரு மூலையில் ஒரு பக்கத் தாளாகக் கிடக்கும். விண்ணப்பிக்க இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம். சில இடங்களில் விண்ணப்பமே கிடையாது, இன்ன தேதி காலை பத்து மணிக்குச் சான்றிதழ்களோடு நேரில் வாருங்கள் என்று மட்டும் இருக்கும். பெரம்பலூரில் இருக்கும் பிள்ளைக்குச் செய்தி வந்து சேரும்போது நேர்காணலே முடிந்திருக்கும். நம் ஊருக்கு ரயிலும் இல்லை. அரியலூர்க்காரர்கள் அந்த வகையில் பாக்கியசாலிகள்.

இன்னொரு வழி இருக்கிறது, அது இதைவிட மேலானது. சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வு. ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு பருவம். உயிர் அறிவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புவி அறிவியல் என்று ஐந்து பாடங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றுவிட்டால் உதவித்தொகை பிள்ளையின் பெயரிலேயே வருகிறது. முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன் பின் முன்னேற்றத்தைப் பார்த்து 42,000 ரூபாய். இது 2023 ஜனவரியிலிருந்து நடப்புக்கு வந்த விகிதம். வீட்டு வாடகைப் படி தனி. திட்டப் பணியில் பணம் பேராசிரியருடையது, நெட் தேறினால் பணம் மாணவருடையது. கையில் பணத்தோடு வரும் மாணவரை எந்த ஆய்வுக்கூடமும் இரண்டு கையும் நீட்டி வரவேற்கும். 2024-லிருந்து, ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் கொஞ்சம் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களுக்கும் பி.எச்டி. சேர்க்கைக்கு அந்த நெட் மதிப்பெண் பயன்படுகிறது. எம்.ஃபில். முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2022-இல் வந்த யு.ஜி.சி. விதிமுறையோடு எம்.ஃபில். முடிந்துபோயிற்று. எம்.எஸ்ஸி.க்கு அடுத்து நேரே பி.எச்டி.தான்.

சரி, இந்த 'பயோமெடிக்கல்', 'நானோ' என்பதெல்லாம் என்ன என்று தாய்மார்கள் கேட்கலாம். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. நம் விரல் நகம் ஒரு நொடியில் வளரும் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். வெள்ளியோ தங்கமோ அந்த அளவுக்குப் பொடியாகும்போது அதன் குணம் மாறிவிடுகிறது. பெரிய தங்கம் மஞ்சள், அந்த நுண்துகள் கரைந்த நீர் சிவப்பு. பெரிய தங்கம் எதோடும் எளிதில் சேராது, நுண்துகள் பலவற்றோடு வினைபுரியும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் இந்தக் குணத்தை வைத்துத்தான் குடிநீரிலிருந்து பூச்சிமருந்து எச்சத்தை நீக்கும் முறையைக் கண்டார்கள். 2007-இல் அது வீட்டு வடிகட்டியாகக் கடைக்கு வந்தது. பின்னர் தண்ணீரிலுள்ள ஆர்சனிக் நஞ்சை நீக்கும் முறையையும் செய்தார்கள். சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் பின் அப்துல் அஜீஸ் பெயரிலான பன்னாட்டு நீர் விருது 2022-இல் பிரதீப்புக்குக் கிடைத்தது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்தடித்தே பழகிய மாவட்டம் நம்முடையது. கிணற்றுத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வி நமக்கு அந்நியமானதல்ல.

மருத்துவ ஆராய்ச்சி என்றால் டாக்டர்கள் மட்டும் செய்வது என்ற எண்ணமும் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் செய்த இதய வால்வைப் பாருங்கள். வெளிநாட்டு வால்வை வாங்க முடியாமல் ஏழைகள் இறந்துகொண்டிருந்த காலம். முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒன்று உடைந்தது, ஒன்று தேய்ந்தது என்று ஆண்டுகள் ஓடின. நான்காவது மாதிரிதான் 1990 டிசம்பரில் ஒரு நோயாளியின் இதயத்தில் ஏறியது. அதன் பின் ஒரு லட்சம் பேருக்கு மேல் பொருத்தியாகிவிட்டது. அந்த வேலையில் அறுவை மருத்துவர் ஒரு பக்கம். உலோகம் தெரிந்தவர், பிளாஸ்டிக் தெரிந்தவர், ரத்தம் உறைவதைச் சோதித்தவர், கால்நடை மருத்துவர் என்று மற்றவர்கள் மறு பக்கம். எம்.பி.பி.எஸ். இல்லாதவர்கள் செய்த வேலைதான் பாதிக்கு மேல்.

அதற்கும் முந்தைய ஒன்று. நம் நன்னா, நன்னி காலத்தில் காசநோய் வந்தால் ஊரை விட்டு ஒதுக்கி சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். குடும்பத்தைவிட்டு மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். சம்பாதிக்கும் ஆள் என்றால் வீடே பட்டினி. 1956-இல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்தும், மறு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தும் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற வழக்கத்துக்கு அந்தச் சென்னை ஆய்வுதான் வாசல். வீடு வீடாக ஏறி இறங்கி, மாத்திரை சாப்பிட்டார்களா என்று பார்த்துக் குறித்த ஊழியர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. அந்த நிலையம் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே எம்.எஸ்ஸி.க்கு மட்டுமல்ல, பி.எஸ்ஸி., டி.எம்.எல்.டி. முடித்தவர்களுக்கும் 'பிராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட்' என்ற பெயரில் இடங்கள் விளம்பரமாகின்றன.

மேடைதோறும் நாம் இப்னு சீனாவைச் சொல்கிறோம், இப்னுல் ஹைதமைச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பெருமையைப் பேசி முடித்துவிட்டு, அடுத்த தெருவில் எம்.எஸ்ஸி. படித்த பிள்ளையிடம் நெட் எழுதினாயா என்று ஒருவரும் கேட்காமல் கலைந்து போகிறோம். இன்றைய ஆட்களையும் சொல்லலாமே. 2023-இல் நானோ துகள்களுக்காக வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் மௌங்கி பவெண்டி, தந்தை துனீசியாக்காரர். அமெரிக்கக் கல்லூரியில் முதல் வேதியியல் தேர்வில் அவர் வாங்கியது நூற்றுக்கு இருபது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2025-இல் அதே பரிசைப் பெற்ற மூவரில் ஒருவரான உமர் யாகி, ஜோர்டானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் ஒற்றை அறையில் வளர்ந்தவர். குழாயில் தண்ணீர் வருவதற்காகக் காத்துக் கிடந்த வீடு அது. பிற்காலத்தில் பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் பொருளைச் செய்தார்.

இனி நம் பகுதிக்கு வருவோம். உயிரியல் எடுத்த பிள்ளை என்றால் டாக்டர், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்ற எண்ணம் இரண்டு மாவட்டங்களிலும் வேரூன்றியிருக்கிறது. குழுமூர் அனிதாவை அரியலூர் மறக்காது. 1200-க்கு 1176 மதிப்பெண் வாங்கிய பிள்ளை. 2017 செப்டம்பர் முதல் தேதி அவளை இழந்தோம். அந்தத் தேர்வு முறையைப் பற்றி நமக்குக் கருத்து இருக்கிறது, அதைச் சொல்ல வேறு மேடை உண்டு. இங்கே சொல்ல வந்தது, நீட் தேர்வுக்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் நம் வீடுகளில் விழும் மௌனத்தைப் பற்றி. அரியலூருக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அதில் ஆண்டுக்கு 150 இடம். மீதிப் பிள்ளைகள் வேண்டாவெறுப்பாக பி.எஸ்ஸி. சேர்ந்து, மூன்றாண்டும் தோற்ற முகத்தோடு கல்லூரி போய் வருகிறார்கள். மருந்தையும் நோயையும் தொட்டு வேலை செய்ய இன்னொரு வாசல் திறந்திருக்கிறது என்பதை பி.எஸ்ஸி. முதலாண்டிலேயே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். எம்.எஸ்ஸி. முடிந்த பின் சொன்னால் பாதிப் பயன்தான்.

தூரமும் ஒரு தடையல்ல. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் சயின்ஸ் துறை இருக்கிறது. நம் சமுதாயத்தவர் 1951-இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரியும் அங்கேதான். தஞ்சாவூர் சாஸ்த்ராவில் நானோ தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும், அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. சென்னையில் கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நானோ மையம், அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்றதும் ஆம்பூர், வாணியம்பாடி ஞாபகம் வரும். அங்கே தோலைப் பதனிடுவது மட்டுமல்ல, தோலிலுள்ள கொல்லாஜன் புரதத்தைக் கொண்டு புண் ஆற்றும் பொருள்கள் செய்யும் ஆய்வும் நடக்கிறது. பிள்ளையை ஷார்ஜாவுக்கு அனுப்பத் தயங்காத வீடு, காரைக்குடிக்கு அனுப்பத் தயங்குவது நமக்குப் புரியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்தில் நமக்கு பி.சி.எம். சான்றிதழ் இருக்கிறது. 2007-லிருந்து 3.5 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் நெட் தேர்விலும், மத்திய அரசு நிறுவனங்களின் பி.எச்டி. சேர்க்கையிலும் அந்தச் சான்றிதழ் மட்டும் போதாது. அங்கே ஓ.பி.சி., அதுவும் கிரீமிலேயருக்குள் வராதவர் என்ற சான்றிதழ், மத்திய அரசின் படிவத்தில் வேண்டும். லெப்பை, அதில் ராவுத்தர், மரைக்காயர் எல்லாரும் அடக்கம், தமிழ் பேசினாலும் உருது பேசினாலும் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறோம். உரிமை இருக்கிறது, தாள்தான் இல்லை. நம் பகுதிப் பெண் ஒருத்தி, பெயர் வேண்டாம், மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பி.எச்டி. நேர்காணலுக்குப் போனாள். பி.சி.எம். சான்றிதழை நீட்டியிருக்கிறாள். இது செல்லாது, மத்தியப் படிவம் கொண்டு வா என்று ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். இங்கே வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த வாரம் முழுக்கத் தேர்தல் வேலை. பொதுப்பிரிவில் வைத்துப் பார்த்ததில் இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது. அவள் படிக்காமல் தோற்கவில்லை. அந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சாதிச் சான்றிதழ் போல ஒருமுறை வாங்கி வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வது அல்ல இது. வருமானத்தையும் பார்ப்பதால் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இது இப்போது இன்னும் அவசியமாகிவிட்டது. ஏனென்றால் சிறுபான்மை மாணவர்களுக்கென்றே இருந்த மௌலானா ஆஸாத் தேசிய ஆய்வு உதவித்தொகை நின்றுவிட்டது. சச்சார் குழு அறிக்கை 2006-இல் வந்தது. அதைத் தொடர்ந்து 2009-இல் தொடங்கிய திட்டம் அது. 2022-23 கல்வியாண்டிலிருந்து புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். வேறு திட்டங்களோடு இது ஒன்றின்மேல் ஒன்றாக வருகிறது என்று காரணம் சொன்னார்கள். ஒருவர் இரண்டு உதவித்தொகை வாங்க எப்போதுமே விதி இடம் தந்ததில்லை, அப்புறம் எங்கே ஒன்றின்மேல் ஒன்று? அந்தக் காரணத்தை நாங்கள் ஏற்கவில்லை. அதைத் திரும்பக் கேட்கும் குரல்களோடு நாமும் சேர்ந்துதான் இருக்கிறோம். ஆனால் அது வரும் வரை பிள்ளையின் வயது நிற்காது. ஓ.பி.சி. மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது, அதற்கும் வாசல் நெட் தேர்வுதான். தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய், அதற்குத் தனித் தேர்வு. பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி.யில் முதலிடம் வாங்கியவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. பி.எஸ்ஸி.யிலேயே, பிளஸ் டூவில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கி அடிப்படை அறிவியல் சேர்ந்த பிள்ளைகளுக்கு அதே இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை உண்டு. இதெல்லாம் கருணை அல்ல, விண்ணப்பித்தால் வருவது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இன்று நம் ஊர்களில் அறிவியலில் மேற்படிப்பு படிப்பவர்களில் பெண்களே முன்னால் நிற்கிறார்கள் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். எம்.எஸ்ஸி. கடைசிப் பருவம் வந்ததும் நிகாஹ் பேச்சு வந்துவிடுகிறது. நிகாஹ் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் நிகாஹ் பேசும்போதே ஒரு வார்த்தை பேசலாம். மஹர் எவ்வளவு என்று பேசுகிறோம், மண்டபம் எது என்று பேசுகிறோம். பெண் பி.எச்டி. முடிக்க மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதமா என்று கேட்டு, அதையும் ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் உறுதி செய்யலாம். சட்டமும் துணை நிற்கிறது. பி.எச்டி. காலத்தில் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரை எடுக்க யு.ஜி.சி. விதி இடம் தருகிறது. எல்லாருக்கும் ஆறு ஆண்டு கெடு என்றால் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு. கல்யாணத்துக்குப் பின் பல ஆண்டு இடைவெளி விட்டவர்களுக்கென்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையில் வைஸ்–கிரண் என்ற திட்டம் தனியாக இருக்கிறது. ஹிஜாபோடு ஆய்வுக்கூடத்தில் நிற்க முடியுமா என்று ஒரு தாய் கேட்டார். தீயும் ரசாயனமும் உள்ள இடத்தில் தொங்கும் துணி யாருக்கும் கூடாது, சேலை முந்தானைக்கும் அதே விதிதான். உள்ளே செருகிக்கொண்டு மேலே வெள்ளை அங்கி போட்டு வேலை செய்கிறார்கள் நம் பெண்கள்.

மாணவர்கள் தனியே கேட்கும் கேள்வி ஒன்று. பயோமெடிக்கல் ஆய்வில் ஜெலட்டின் வருகிறது, சில இடங்களில் பன்றியின் திசு வருகிறது, ஆல்கஹால் இல்லாமல் ஒரு நாள் நகராது, என்ன செய்வது என்று. உண்பதும் ஆய்வுக்காகக் கையாள்வதும் ஒன்றல்ல. அசுத்தம் பட்டால் கழுவும் முறை ஃபிக்ஹில் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொருவர் வேலையும் ஒவ்வொரு விதம் என்பதால் இந்த மேடையிலிருந்து ஒரே பதிலைச் சொல்வது சரியல்ல. இங்கே இருக்கும் ஹஜ்ரத்மார்கள் தனித்தனியாகக் கேட்டு விளக்கம் சொல்லச் சம்மதித்திருக்கிறார்கள். பயந்து ஒதுங்க வேண்டாம், கேட்டுத் தெளியுங்கள்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. திட்டப் பணி தற்காலிகம்தான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். உதவித்தொகை மாதம் தவறாமல் வரும் என்று சொல்ல முடியாது. சில சமயம் பல மாதம் நின்று மொத்தமாக வரும். அந்த இடைவெளியில் விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கும் பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். பி.எச்டி. முடித்தவர் எல்லாருக்கும் பேராசிரியர் வேலை காத்திருக்கவில்லை. மருந்து நிறுவனங்கள், பரிசோதனைக் கூடங்கள், வெளிநாட்டில் மேல் ஆய்வு என்று தேட வேண்டியிருக்கும். வழிகாட்டிப் பேராசிரியர் நல்லவராக அமைவதும் பெரிய விஷயம். சேருமுன் அவரிடம் ஏற்கெனவே படித்த இரண்டு பேரிடம் விசாரியுங்கள். சம்பந்தம் பேசும்போது விசாரிக்கிறோமே, அதைவிடக் கூடுதலாக.

இன்னொரு எச்சரிக்கை. எம்.எஸ்ஸி. கடைசிப் பருவத்தில் பணம் கொடுத்தால் பிராஜெக்ட் செய்து தருகிறோம் என்று சில மையங்கள் இருக்கின்றன. அட்டை போட்டு, படம் ஒட்டி, பளபளவென்று தருவார்கள். நேர்காணலில் கேட்கும் முதல் கேள்வி, "நீங்கள் கையால் செய்த ஒரு பரிசோதனையைச் சொல்லுங்கள்" என்பதுதான். அங்கே அந்தப் பளபளப்பு உதவாது. கல்லூரிக் கூடத்தில் பழைய கருவியில் செய்து, முடிவு தப்பாக வந்து, ஏன் தப்பாக வந்தது என்று யோசித்த பிள்ளைதான் பதில் சொல்லும். நம் கல்லூரிகளில் கருவிகள் குறைவு என்பது உண்மை. அதற்கும் ஒரு வழி, பெங்களூரு, டெல்லி, அலகாபாத் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி. தேர்வானால் இரண்டு மாதம் நாட்டின் நல்ல ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவித்தொகையோடு வேலை பழகலாம். வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பம் வாங்குகிறார்கள். விளம்பரங்களில் 'விரும்பத்தக்க தகுதி' என்று நான்கைந்து கருவிகளின் பெயரைப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். அது இருந்தால் நல்லது என்பதுதான், இல்லாவிட்டால் வராதே என்பதல்ல.

நம் அறக்கட்டளை என்ன செய்யப்போகிறது? நிர்வாகக் குழு கூடி முடிவு செய்ததைச் சொல்கிறோம். விளம்பரங்களைத் தேடி எடுத்து, கடைசித் தேதியோடு தமிழில் இரண்டு வரி எழுதி, ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் முன் எல்லாப் பள்ளிவாசல் பலகையிலும் ஒட்டுவது. இதற்கு நம் பகுதியிலேயே ஆய்வு மாணவராக இருக்கும் இரண்டு பேர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். நெட் தேர்வுக் கட்டணம், நேர்காணல் பயணச் செலவு ஆகியவற்றை அறக்கட்டளை ஏற்கும். இதில் ஒரு கணக்கு விளக்கம் சொல்ல வேண்டும், சந்தாதாரர்கள் கேட்கிறார்கள். ஸகாத் பணம், ஸகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவருக்கு மட்டும், அவர் கையிலேயே உரிமையாக ஒப்படைக்கப்படும். ஹனஃபி சட்டப்படி அப்படித்தான். மற்ற மாணவர்களுக்குப் பொது நன்கொடையிலிருந்துதான் கொடுப்போம். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களுக்கு கர்ளன் ஹஸனா, வட்டியில்லாக் கடன். நிலுவை வந்ததும் திருப்பித் தர வேண்டும், தந்தால்தான் அடுத்தவருக்குப் போகும். இதற்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். வெளிநாட்டிலிருக்கும் நம் சகோதரர்கள் பள்ளிவாசல் மினாராவுக்குக் கொடுப்பதில் ஒரு பகுதியை இதற்கும் நிய்யத் செய்தால், அதன் வரவு செலவு இந்த இதழிலேயே அச்சாகும்.

மஃரிபு பாங்குக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. வெளியே மேசையில் படிவம் வைத்திருக்கிறோம். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. படிப்பவர்களும் முடித்தவர்களும், ஆண்களுக்கு இடப்பக்கம், பெண்களுக்கு வலப்பக்கம், பெயரும் பாடமும் எழுதிக் கொடுங்கள். கையில் ஓ.பி.சி. சான்றிதழ் இருக்கிறதா இல்லையா என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை விடாமல் நிரப்புங்கள். இல்லை என்று எழுதியவர்கள் வரும் சனிக்கிழமை அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வர வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, இப்போதுள்ள பி.சி.எம். சான்றிதழ், பெற்றோரின் வருமானச் சான்று, மாணவரின் புகைப்படம் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். இ-சேவை விண்ணப்பத்தை அங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம்.